வாடகைக்கு வந்தவர்கள் விற்றுவிட்டுப் போன ஊர்

திருக்கடையூரில் யாருக்காவது அறுபதாம் கல்யாணம் நடக்கும். சொந்தக்காரர்கள் எல்லாம் வேன் பிடித்துப் போவோம். பத்தரை மணிக்குள் தாலி கட்டி, பந்தியும் முடிந்து, வெற்றிலையை மென்றுகொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது யாராவது ஒருவர் "அப்படியே தரங்கம்பாடி போயிட்டு வந்துடலாமே, பக்கத்துலதானே" என்பார். போவோம். கோட்டை வாசலில் ஒரு போட்டோ, பீரங்கி மேல் குழந்தையை உட்காரவைத்து ஒரு போட்டோ, ஐஸ்கிரீம், கிளம்பு. மாயவரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நாற்பது வயது வரை தரங்கம்பாடி என்றால் அவ்வளவுதான். பட்டுப்புடவையில் மணல் ஒட்டும் என்று பெரியம்மா வேனை விட்டு இறங்கவே மாட்டார்.

இந்த மே மாதக் கடைசியில் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். ஆறாம் வகுப்பு போகப்போகிறவன். வீட்டில் உட்கார்ந்து போனையே தேய்த்துக்கொண்டிருந்தவனை "வாடா, கடலுக்குப் போகலாம்" என்று கிளப்பினேன். வேன் இல்லை, கல்யாணம் இல்லை, அவசரம் இல்லை. காலை ஆறே காலுக்கு மாயவரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினோம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று முப்பது கிலோமீட்டர். ஒரு காலத்தில் இந்த வழியில் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது, 1926-ல் ஆரம்பித்து 1986-ல் நிறுத்திவிட்டார்கள். மாயவரத்தில் அந்தத் தலைமுறை ஆட்கள் யாரைக் கேட்டாலும் அந்த ரயிலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், அதற்கு இங்கே இடமில்லை.

பஸ்ஸில் பையன் போனில் தேடிப் படித்துக் காட்டினான். "மாமா, தரங்கம்பாடின்னா அலைகள் பாடும் ஊர்னு அர்த்தமாம்." இதை எழுதாத ஆளே இல்லை. தரங்கம் என்றால் அலை, அது சரி. ஆனால் பாடி என்பது பாட்டுப் பாடுகிற பாடி இல்லையே, ஆயர்பாடி, வாணியம்பாடி, காட்பாடி என்று சொல்கிற பாடிதானே. குடியிருப்பு என்று பொருள். வாணியம்பாடியில் வாணியர் யாரும் பாடிக்கொண்டிருக்கவில்லை. இதைச் சொன்னதும் அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்ததாக "ஓசோன் காத்து நிறைய வருமாம் மாமா" என்றான். அதுவும் இல்லடா, கடற்கரையில் நமக்கு அடிக்கிற அந்த வாசனை ஓசோன் இல்லை, கடலில் இருக்கிற நுண்பாசிகளிலிருந்து வருகிற ஒருவிதக் கந்தகச் சேர்மத்தின் வாசனை என்றேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டான். நான் நினைத்த காரியம் வேறு வழியில் நடந்தது.

எல்லோரும் ஊர் வாசலில் நிற்கிற அந்த வெள்ளை வளைவிலிருந்து ஆரம்பித்து ராஜ வீதி வழியாகக் கோட்டைக்குப் போவார்கள். 1792-ல் கட்டிய வாசல், மேலே டென்மார்க் ராஜாவின் முத்திரை, நன்றாகத்தான் இருக்கும். அப்படித்தான் நாமும் உள்ளே போக வேண்டியிருக்கும். ஆனால் போனதும் கோட்டைக்குள் நுழையாதீர்கள். கடல் பக்கம் திரும்பி மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், வெயில் ஏறுவதற்கு முன்னால்.

அந்தக் கோயில் 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. சோழநாட்டு நடுவில் பாண்டியன் கோயில் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம், அப்போது சோழர்கள் முடிந்து போயிருந்தார்கள், காவிரிக்கரை பாண்டியர் கையில் இருந்தது. அந்தக் கல்வெட்டில் இந்த ஊரின் பெயர் சடங்கன்பாடி, அதோடு குலசேகரன்பட்டினம் என்றும் இன்னொரு பெயர். பட்டினம் என்றாலே வியாபாரத் துறைமுகம்தான். அதாவது டேனிஷ்காரர்கள் 1620-ல் வந்து இறங்குவதற்கு முந்நூறு வருடம் முன்பே இது பட்டினம். "டேனிஷ் நகரம்" என்று பலகையில் எழுதும்போது இதை யாரும் நினைப்பதில்லை, எனக்கு அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

கோயில் கடலை ஒட்டி அல்ல, கிட்டத்தட்ட கடலிலேயே நிற்கிறது. முன்பகுதியைப் பெரும்பாலும் அலை கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள், கோயிலையும் புதுப்பித்திருக்கிறார்கள். சின்ன வயதில் நான் பார்த்தது வேறு மாதிரி, கூரையெல்லாம் செடி முளைத்து, பாதி சரிந்து, உப்புக்காற்றில் செங்கல் மாவாய் உதிர்ந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பழைய சிதிலம்தான் எனக்குப் பிடிக்கும், ஆனால் சாமி இருக்கிற இடத்தை நம் ரசனைக்காக இடிய விட முடியுமா என்ன.

கற்கள் மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். கிடைத்த நேரத்தில் வலை சரிபார்ப்பது, படகுக்குச் சாயம் அடிப்பது என்று கரை வேலை நடக்கும்.

"ஐயா, கோயிலுக்கு முன்னால முன்னே எவ்வளவு தூரம் கரை இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. ஊசிக்கட்டையால் கடலைக் காட்டினார். "அதோ அந்த அலை மடியுது பாருங்க தம்பி, அங்க நாங்க கபடி ஆடியிருக்கோம்."

அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தக் கரையில் என்ன நடந்தது என்று கேட்க வாய் வரவில்லை. அப்போதிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அந்தக் கணக்கில் இந்த ஊரும் உண்டு.

அப்புறம் கோட்டை. டான்ஸ்போர்க் என்று பெயர். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு போங்கள். வெளியே பார்க்கப் பெரிய ராஜகோட்டை மாதிரி இருக்காது, மஞ்சள் பூசிய அகலமான இரண்டு மாடிக் கட்டடம், கீழே சரக்கு அறைகளும் சிறையும், மேலே கவர்னர் இருந்த இடமும் அவர்கள் சாமி கும்பிட்ட இடமும். மேல்மாடிக் கூரை ஒட்டகத் திமில் மாதிரி நான்கு வளைவாக எழும்பி நடுவில் ஒரே ஒரு தூணில் வந்து இறங்குகிறது. பையன் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்து நின்றான், விட்டால் இடிந்துவிடும் என்பதுபோல.

மேல்மாடி ஜன்னலோரம் கடற்காற்றில் உட்கார்ந்துதான் அவனுக்குக் கதை சொன்னேன். எனக்கே இந்தக் கதை கொஞ்ச வருடம் முன்புதான் தெரியும், தெரிந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டென்மார்க்கில் 1616-ல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மிளகில் சம்பாதிக்கிறானே, நமக்கென்ன கேடு என்ற எண்ணம்தான். 1618 நவம்பரில் கப்பல்கள் கிளம்புகின்றன. தலைவர் ஓவே கெட்டே, வயது இருபத்து மூன்று. நம்மூரில் அந்த வயதில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்போம். அவர்கள் கிளம்பியது இங்கே வருவதற்கே இல்லை, இலங்கைக்கு. கண்டி ராஜாவுக்குப் போர்த்துக்கீசியரை எதிர்க்கக் கூட்டாளி வேண்டும் என்று ஒரு டச்சுக்காரர் கோபன்ஹேகனில் போய்ப் பேசி ஆசை காட்டியிருந்தார். ஒன்றரை வருடம் கடலில் கிடந்து, வழியிலேயே ஆட்களில் பாதிக்கு மேல் செத்து, 1620 மே மாதம் இலங்கை போய்ச் சேர்ந்தால், அந்த டச்சுக்காரரும் வழியில் செத்துப்போயிருக்கிறார், கண்டி ராஜா "அப்படி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கலையே" என்கிறார்.

இதற்கிடையே முன்னால் வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துக்கீசியர்கள் அடித்து மூழ்கடித்திருந்தார்கள். அதன் தலைவர் ரோலண்ட் கிராப்பே, மிஞ்சிய சில ஆட்களோடு தஞ்சாவூருக்குத் தப்பிப் போகிறார். தஞ்சாவூரில் அப்போது ரகுநாத நாயக்கர். அவருக்கும் போர்த்துக்கீசியர் அல்லாத ஒரு வியாபாரி தேவைப்பட்டிருக்கிறது. பேச்சு நடக்கிறது. 1620 நவம்பர் 19, ஒப்பந்தம் கையெழுத்து. கோட்டை கட்டிக்கொள்ளலாம், வியாபாரம் செய்யலாம், வருடத்துக்கு 3,111 ரூபாய் கட்ட வேண்டும். ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிக் கொடுத்த ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. கப்பல் மூழ்கி, தலைவன் ஏமாந்து, தப்பிப் பிழைத்தவன் பேசி முடித்த பேரம் இது. இதைத்தான் பலகைகளில் "டேனிஷ்காரர்கள் இங்கே குடியேற்றம் அமைத்தனர்" என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள்.

"அப்போ அவங்க வாடகைக்கு இருந்தாங்களா?" என்றான் பையன்.

வாடகைக்குத்தான். அதிலும் சொந்த வீட்டுக்காரர்களே மறந்துபோன வாடகைக்காரர்கள். ஐரோப்பாவில் சண்டை, கடன், கம்பெனி நொடித்து 1650-ல் கலைத்தே விட்டார்கள். கப்பல் வருவது நின்றுவிட்டது. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தோ ஓடியோ போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்று ஒரே ஒரு டேனிஷ்காரர் மிஞ்சினார். சாதாரணச் சிப்பாய். அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டைக்குக் கொடி ஏற்றி, ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, வருடக்கணக்கில் காத்திருந்தார். 1669-ல்தான் ஊரிலிருந்து கப்பல் வந்தது. காலையில் எழுந்ததும் அந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டு இந்த ஜன்னலுக்கு வந்திருப்பார் என்று எனக்கு யோசனை ஓடும். தொடுவானத்தைப் பார்ப்பார், கட்டுமரம்தான் தெரியும். அன்றைக்கும் நாள் முடிந்தது.

அப்புறம் 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

பையன் யோசித்தான். "வாடகைக்கு இருந்தவங்க எப்படி மாமா வீட்டை விக்க முடியும்?"

நல்ல கேள்வி. எனக்கும் அதேதான். வீட்டுக்காரர் தஞ்சாவூர். ஆனால் தஞ்சாவூரையே 1799-ல் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. ஆக, வீட்டுக்காரர் சொத்தை ஏற்கெனவே விழுங்கியவனிடமே வாடகைக்காரர் வீட்டை விற்றிருக்கிறார். எங்கள் தெருவில் இப்படி ஒரு கேஸ் இருபது வருடமாக மாயவரம் கோர்ட்டில் நடக்கிறது, அங்கே யாருக்கும் பன்னிரண்டரை லட்சம் கிடைத்தபாடில்லை. விற்ற பிறகு ஊர் அடங்கிவிட்டது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. இந்த ஊருக்கு ரயில் வர இன்னும் அறுபத்தைந்து வருடம் ஆனது. வளராமல் போனதால்தான் பழைய வீடுகள் தப்பின, இடித்துக் கட்ட யாரிடமும் பணமில்லை.

அருங்காட்சியகத்தில் பையனைப் பிடித்து நிறுத்தியது பீங்கானோ ஈட்டியோ இல்லை, காசுகள்தான். டேனிஷ்காரர்கள் இங்கேயே காசு அடித்தார்கள். ஆரம்ப காலத்தில் ஈயத்தில், அப்புறம் செம்பில். சுண்டுவிரல் நகம் அளவு, ராஜாவின் பெயரெழுத்து பொறித்த சின்னச் சின்ன வில்லைகள். பெரிய அலை அடித்து மணல் புரண்டால் இன்றைக்கும் கரையில் இந்தக் காசுகள் கிடைக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். முடிந்தது. அடுத்த ஒன்றரை மணி நேரம், உச்சிவெயிலில், கோட்டைக்குப் பின்னால் ஈரமணலில் குனிந்த தலை நிமிராமல் நடந்தான். நான் செருப்பில்லாமல் மணலில் இறங்கிவிட்டு, சுட்ட காலோடு தாவித் தாவி ஒரு படகின் நிழலில் போய் விழுந்தேன். கடைசியில் ஓடி வந்தான். உள்ளங்கையில் கறுத்த, நசுங்கிய, வட்டமா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு துண்டு. கனமாக இருந்தது. ஈயம்தான். எழுத்து எதுவும் தெரியவில்லை.

"காசா மாமா?"

தெரியலடா என்றேன்.

ராஜ வீதியில் இரண்டு தேவாலயங்கள். 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம் ஐரோப்பியர்களுக்காக, 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் தமிழர்களுக்காக. இரண்டாவதில்தான் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706 ஜூலை 9-ந் தேதி வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார், அப்போது இருபத்து நாலு வயதுகூட நிரம்பியிருந்ததா என்று சந்தேகம். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரையும் பிள்ளைகளையும் வீட்டுக்கே கூப்பிட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். அவரை அனுப்பியதே டென்மார்க் ராஜா, ஆனால் இங்கிருந்த டேனிஷ் தளபதிக்கு அவரைக் கண்டால் ஆகாது. 1708-ல் நான்கு மாதம் கோட்டையிலேயே பூட்டி வைத்தார்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில் வந்தது என்று நிறைய பேர் சொல்கிறார்கள். இல்லை. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள். ஆனால் அந்த வேலை இடையில் நின்றுபோய், அதை மறுபடி பிடித்து நிலைக்க வைத்தது இந்த ஊர். ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. எழுத்து ரொம்பப் பெரிசு, காகிதத்தைத் தின்றது. புதிய ஏற்பாடு முழுவதையும் அடிக்கக் காகிதம் போதாது என்ற நிலை. என்ன செய்தார்கள் தெரியுமா, இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதை வைத்து 1715-ல் புத்தகத்தை முடித்தார்கள். காகிதத்துக்குப் பொறையாரில் ஒரு பட்டறை போட்டார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். சீகன்பால்கு 1719-ல் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். பாலாடைக்கட்டி மூடி விஷயத்தைக் கேட்டதும் பையன் பாக்கெட்டில் கைவிட்டு அந்த ஈயத்துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பொறையாரில் மதியச் சாப்பாடு. தடைக்காலத்தில் பெரிய மீன் விலை ஏறிக் கிடக்கும் என்பதால் கிழங்கான் வறுவல். நன்றாகவே இருந்தது.

சாப்பிட்டுவிட்டுத் தில்லையாடி. பொறையாரிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். தில்லையாடி வள்ளியம்மை நினைவு மண்டபம் சின்னது, நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், 1898 பிப்ரவரி 22. இந்த ஊர் அவரின் அப்பா அம்மா பிழைப்புக்காக விட்டுப் போன ஊர். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914-ல் அதே பிப்ரவரி 22-ந் தேதி இறந்தார். பதினாறு வயது. தன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற தில்லையாடியை அந்தப் பெண் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த வருடம் காந்தி இந்தியா வந்ததும் இந்த ஊரைத் தேடிக்கொண்டு வந்தார். பல ஆயிரம் மைல் தாண்டி இங்கே வந்து சுவர் கட்டிக்கொண்டு காத்திருந்த ஒருவர், இங்கிருந்து போனவர்களுக்கு அங்கே பிறந்து ஊரையே பார்க்காமல் போன ஒரு பெண், நடுவில் சில கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார், கிளம்பினோம்.

பூம்புகாருக்கும் போகலாம் என்றுதான் திட்டம். நேரமில்லை. அதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும், கீழையூரில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறைக்கு முன்னால் நின்று பேசவே ஒரு மணி நேரம் ஆகும்.

சாயங்காலம் பையன் பிடிவாதமாகத் திரும்பவும் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தான். வெயில் தாழ்ந்து, கோட்டையின் மஞ்சள் சுவர் செம்மஞ்சளாகியிருந்தது. கல்யாண வேன் ஒன்று வந்து நின்று, பட்டுப்புடவைகள் இறங்கி, பீரங்கி மேல் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்த்த பெரியவர் அதே கல்லில், வேறு வலையோடு இருந்தார்.

பையன் அவரிடமே போய்க் கையை நீட்டினான். "தாத்தா, இது டேனிஷ் காசா?"

அவர் துண்டை வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பினார், நகத்தால் கீறினார், கீறிய இடம் வெள்ளையாகப் பளிச்சிட்டது. பிறகு மடியில் கிடந்த வலையின் அடிக்கயிற்றைத் தூக்கிக் காட்டினார். அதில் வரிசையாக ஈயக்குண்டுகள் கோர்த்திருந்தன.

"வலை ஈயம்யா. அறுந்து விழுந்து, அலையில உருண்டு, இப்படித்தான் ஆயிடும்."

பையன் முகம் விழுந்ததைப் பார்த்திருப்பார் போல. இன்னொரு தடவை அதை வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"காசாவும் இருக்கலாம். இங்க காசு கெடச்சா நாங்க அதையும் உருக்கி வலைக்குத்தான் போட்டோம். எதுன்னு யாரு கண்டா."

ஏழே முக்கால் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு அவனுக்குக் கிடைத்தது. ஆக்கூர் தாண்டும்வரை தூங்காமல், பஸ் விளக்கு வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.